எடுக்காத பொட்டலம்

யாராவது ஒருத்தர் வந்து தொலைந்தால் தேவலை. பெண் வீட்டுக்கும் உறவில்லாத, மாப்பிள்ளை வீட்டுக்கும் உறவில்லாத, வழியோடு போகிற யாரோ ஒருத்தர். அவர் கையால் ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தால்தான் கொளத்துக்காட்டுச் செல்லாண்டியம்மன் வாய் திறந்ததாக அர்த்தம். அந்தச் சுற்றுவட்டாரத்தில் பெண் கொடுத்துப் பெண் எடுக்கிறவர்கள் எல்லாரும் இங்கே வந்து பூ கேட்டுவிட்டுத்தான் கல்யாண மண்டபம் பேசப் போவார்கள். பெண்ணைப் பெற்றவள் கோயில் கிணற்றில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரச்சேலையோடு, யார் கண்ணிலும் படாமல் வாழையிலைக் கிழிசலில் இரண்டு பொட்டலம் கட்ட வேண்டும். ஒன்றில் வெள்ளை நந்தியாவட்டை, இன்னொன்றில் செவ்வரளி. வெள்ளை வந்தால் ஆத்தாவுக்குச் சம்மதம். சிவப்பு வந்தால் மனஸ்தாபம் இல்லாமல் அவரவர் வண்டியில் ஏறிக்கொள்ள வேண்டும். சௌந்தரமும் காலையில் முறைப்படி தலைக்கு ஊற்றி, மடப்பள்ளிச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து கட்டினாள். இரண்டிலும் செவ்வரளியையே வைத்துக் கட்டினாள். வெள்ளைப் பூவெல்லாம் கைக்குட்டையில் முடிந்து இப்போது அவள் இடுப்பில், கொசுவத்துக்குள் ஈரமாக இருக்கிறது. சேலை மாற்றியபோது அதையும் மறக்காமல் எடுத்துச் செருகிக்கொண்டாள். நந்தியாவட்டைக் காம்பில் பால் வடியும் என்பதுதான் அப்போது ஞாபகம் வரவில்லை. அந்தப் பால் வயிற்றில் பிசுபிசுத்து அரித்தது. சொறியவும் வழியில்லை, எதிரே சம்பந்தி ஆகிவிட்டதாகவே நினைத்துக்கொண்டு வசந்தாமணி உட்கார்ந்திருந்தாள்.

அரித்தால் அரிக்கட்டும். வசந்தாமணி நல்லவள்தான், அதுதான் எரிச்சல். வந்ததிலிருந்து பிளாஸ்க்கில் இருந்து காப்பியை ஊற்றி ஊற்றி நீட்டுகிறாள். குடிங்க சம்பந்தி என்கிறாள். பூ வருமுன்னே என்ன சம்பந்தி வேண்டிக் கிடக்கிறது. அவள் பக்கத்தில் மகன், தரணீதரன், வேட்டி கட்டிப் பழக்கமில்லாமல் முழங்காலை எப்படி மடக்குவது என்று தவித்துக்கொண்டிருக்கிறான். பம்புசெட் கம்பெனியில் வேலை, கோயம்புத்தூரில் வாடகை வீடு, குடி கிடையாது, தலைமுடி கூட இன்னும் கொட்டவில்லை. குறை சொல்ல இடமில்லாத பையன் மேல் கோபப்படுவது கஷ்டமான காரியம். ஆனால் சௌந்தரத்துக்குப் பிடி கிடைத்துவிட்டது. ஒரே ஒரு வாக்கியம். போன சித்திரையில் மகள் கௌசிகா தலை சீவிக்கொண்டே சொன்னாள், உன்னைய இன்னைக்குத்தான் பாக்கறேன், ஆனா உனக்காக ரொம்ப நாளாக் காத்திட்டிருக்கேன்னு சொன்னாரும்மா, அப்படியே உன்ற கதையில வர்ற மாதிரி, ஆனா அவரு கதைப் புஸ்தகமே தொட்டதில்லையாமா. சொல்லும்போது மகள் கண்ணில் தண்ணீர். சௌந்தரத்துக்கு உள்ளங்கால் வரை சில்லிட்டது. வருகிற மாதிரி என்ன, அதேதான், ஒரு எழுத்து மாறாமல் அதேதான். கிரைண்டரில் மாவு ஓடிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் அவள் எழுதியது. பாழடைந்த நூற்பாலை பங்களாவில், செத்துப்போன முதலாளி மகன் மாடிப்படியில் நின்றுகொண்டு சொல்வது. படித்துவிட்டுப் படிக்கவில்லை என்கிறவன், திருடியதைத் தன்னுடையது என்கிறவன், அதை எடுத்துப்போய் எழுதியவளின் பெண்ணிடமே விற்கிறவன். கொல்லன் தெருவில் ஊசி விற்கிறான். இவனுக்கா பெண்ணைக் கொடுப்பது?

சௌந்தரம் என்றால் யாருக்கும் தெரியாது. மோகனரேகா என்றால் பஸ் ஸ்டாண்டு புத்தகக் கடைகளில் தெரியும். மாத நாவல் எழுதுகிறவள். அட்டையில் வெள்ளைச் சேலைக்காரி, பின்னால் பங்களா, ஜன்னலில் ஒரு முகம். எல்லாக் கதைக்கும் எலும்பு ஒன்றுதான், செத்தவன் காத்திருப்பான், இருப்பவள் போவாள். எதற்குப் போகிறாள் என்று முதல் கதையில் எழுதியவளுக்கே விளங்கவில்லை. படித்த பெண், தங்குவதற்கு ஹாஸ்டல் இருக்கிறது, கையில் டார்ச் கூட இல்லை, என்ன கேடு வந்தது என்று அந்தப் பங்களாவுக்குள் காலை வைக்கிறாள்? பேனாவைக் கடித்துப் பார்த்துவிட்டுப் பதிப்பாளரிடம் போனில் கேட்டாள். அவர் சிரித்தார். காரணம் சொன்னா வாசகிக்குக் கொட்டாவி வந்துரும்மா, விதி இழுத்ததுன்னு ஒரு வரி போட்டு உள்ள தள்ளுங்க என்றார். தள்ளினாள். அன்றிலிருந்து விதி அவள் வீட்டு வேலைக்காரன் ஆனான். கதவைத் திறப்பது அவன், கடைசி பஸ்ஸைத் தவறவிட வைப்பது அவன், கரெண்டைப் பிடுங்குவது அவன், பெண்ணின் கழுத்து மச்சத்தைக் காட்டிக் கொடுப்பதும் அவன். அவளுக்கு இஷ்டமா என்று மட்டும் எந்தக் கதையிலும் யாரும் கேட்டதில்லை. போன ஜென்மத்தில் சத்தியம் செய்து கொடுத்தாயே என்பான் ஆவி. நினைவே இல்லாத சத்தியத்துக்கு அவள் தலையை ஆட்டுவாள். பிடிக்காதவனுக்குக் கட்டி வைப்பதற்கும் இதற்கும் என்ன பெரிய வித்தியாசம்? பேய் என்பதால் புல்லரிக்கிறது, அவ்வளவுதான். நடுவில் ஒருத்தன் வருவான், ஜீப் ஓட்டுகிற இன்ஜினீயர். பேயாவது பிசாசாவது என்று அவள் கையைப் பிடித்து வெளியே இழுக்கப் பார்ப்பான். கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில் அவன் தலையில் மரம் விழும், இல்லாவிட்டால் பாலம் உடையும். மீறினவன் செத்தால்தானே விதிக்கு மரியாதை. கௌசிகா பள்ளிக்கூடம் போகிற நாளிலிருந்தே புரூஃப் பார்த்துக் கொடுப்பாள். இன்ஜினீயர் சாகிற பக்கங்களில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அவன் மீறாம இருந்திருக்கலாமேம்மா என்பாள். சௌந்தரம் அதைக் கேட்டுப் பெருமைப்பட்டிருக்கிறாள்.

வர்றவங்க வருவாங்க என்றார் அவள் புருஷன் நல்லசாமி, கண்ணைத் திறக்காமலே. தூணில் சாய்ந்திருந்தார். அவருடைய தேங்காய்க் களத்துக்கு ஆள் வராவிட்டாலும் இதையேதான் சொல்வார், மழை வந்து கொப்பரை நனைந்தாலும் இதையேதான் சொல்வார். மகள் ஒருத்தனை விரும்புகிறாள் என்று சொன்னபோது சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை, ஆத்தாகிட்டக் கேட்டுக்கலாம் என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். இந்த மனிதனோடு சேர்த்து வைப்பதற்கும் இதே கோயிலில்தான் பூ கேட்டார்கள். சௌந்தரம் அப்போது டீச்சர் டிரெயினிங்கில் சேர்ந்திருந்தாள். இதே கல்லில் உட்கார்ந்துகொண்டு, செவப்பு வரோணும் ஆத்தா, செவப்பு வரோணும் என்று நாக்கு வறள வேண்டினாள். ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒருத்தி எடுத்துக் கொடுத்தாள். வெள்ளை. அதற்குப் பிறகு எல்லாமே ஆத்தா கொடுத்ததுதான். படிப்பு நின்றதும் ஆத்தா கொடுத்தது, சாப்பாட்டுத் தட்டை அவர் நகர்த்தி வைத்ததும் ஆத்தா கொடுத்தது, வாரக்கணக்கில் அவர் வாயைத் திறக்காமல் இருந்ததும் ஆத்தா கொடுத்தது. அடித்ததில்லை. அடித்திருந்தாலாவது நாலு பேர் வந்து கேட்டிருப்பார்கள். பேசாத புருஷனைப் பற்றி யாரிடம் போய்ப் புகார் சொல்வது? அந்த வாரங்களில்தான் எழுத ஆரம்பித்தாள், இருப்பவன் பேசவில்லை, செத்தவனாவது பேசட்டும் என்று. அதெல்லாம் பழைய கதை, அழுது தீர்த்தாகிவிட்டது. ஆனால் இன்று காலை இரண்டாவது பொட்டலத்தில் வாழைநாரைச் சுற்றி முடிச்சுப் போட்டபோது விரல் நின்றுவிட்டது. இத்தனை சுலபமா? யாரும் பார்க்கவில்லை, யாரும் கேட்கப் போவதில்லை. எடுக்காத பொட்டலத்தைப் பிரிப்பது பாவம், பூசாரி அதை அப்படியே கிணற்றில் போட்டுவிடுவார். இத்தனை சுலபம் என்றால் அம்மா? அம்மாவும் இதே சுவருக்குப் பின்னால்தான் உட்கார்ந்து கட்டினாள். அம்மாவுக்கு அந்தக் களமும் தென்னந்தோப்பும் ரொம்பப் பிடித்திருந்தது. எழுந்து வந்தபோது அம்மா முகம் எப்படி இருந்தது? ஞாபகமில்லை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள். துடைத்தாளா, அல்லது இப்போது துடைக்க வைக்கிறோமா? ஒரு பொட்டலம் வெள்ளை கட்டினாலும் கையில் பால் ஒட்டத்தான் செய்யும், இரண்டு கட்டினாலும் ஒட்டும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அம்மாவைக் கேட்கலாம் என்றால் அம்மா சாம்பலாகி நாளாயிற்று. ஆத்தாவின் வாய் என்று நம்பி வாழ்ந்தது அம்மாவின் விரலாக இருந்தால்? இருக்காது. இருந்தால்தான் இனி என்ன. இருக்காது. ஆனால் கையைத் துடைத்தாள்.

வெளியே வண்டிச் சத்தம் கேட்டது. எல்லாரும் நிமிர்ந்தார்கள். சௌந்தரம் இடுப்பு முடிச்சைச் சேலைக்கு மேலேயே அழுத்திப் பார்த்துக்கொண்டாள். புல்லட்டில் வந்த ஆள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்ததும் வசந்தாமணியைப் பார்த்து, அட, நீங்க எங்க இந்தப் பக்கம் என்று கேட்டுத் தொலைத்தார். அவளுடைய அண்ணிக்குத் தம்பி முறையாம். போச்சு. ஒரு காப்பியைக் குடித்துவிட்டு, சாமியைக் கும்பிட்டுவிட்டு, சாட்சி நிற்கக்கூட உதவாமல் போய்ச் சேர்ந்தார். இந்தப் பக்கத்துல யாரைத் தொட்டாலும் சொந்தமுங்க என்று வசந்தாமணி சிரித்தாள். சௌந்தரமும் சிரிக்க வேண்டியிருந்தது. இப்போதும் ஒன்றும் கெட்டுவிடவில்லை. எழுந்து போய், இலை வாடிவிட்டது, வேறு கட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லலாம். சுவருக்குப் பின்னால் போனால் ஒரு நொடி வேலை. எதற்குச் சொல்ல வேண்டும்? சிவப்பு வரட்டும். பெண் ஒரு மாதம் அழுவாள், அழட்டும், நான் அழுததைவிடக் கம்மிதான். மடியில் போட்டுத் தட்டிக் கொடுக்கலாம். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுகிறவள் என்று ஆத்தா நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். உள்ளே விளக்கு வெளிச்சத்தில் ஆத்தாவின் வெள்ளிக் கண்மலர் இரண்டும் பளபளத்தன. இத்தனை பேயை எழுதியவளுக்கு அந்தக் கண்ணைப் பார்க்க முடியவில்லை. அது தகரத்தில் செய்து வெள்ளி முலாம் பூசியது என்று தெரியும், அவள் மாமியார்தான் வாங்கிச் சாத்தினாள், இருந்தும் பார்க்க முடியவில்லை. நீ எனக்குச் செய்ததற்கு இது சரியாகப் போயிற்று என்று மனசுக்குள் சொன்னாள். செய்தது ஆத்தாவா அம்மாவா என்று கேள்வி மறுபடியும் வந்து நின்றது. அதைக் காலால் தள்ளினாள்.

கௌசிகா நகர்ந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பட்டுச் சேலையில் பெரிய மனுஷி போல இருந்தாள். என்னம்மா கையெல்லாம் பிசுக்குனு இருக்குது என்றாள். காப்பி கொட்டிருச்சு என்றாள் சௌந்தரம், யோசிக்காமல். பொய் எவ்வளவு லட்சணமாக வருகிறது, தொழில் பழக்கம். கௌசிகா தன் முந்தானை நுனியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிட்டாள். பயமா இருக்குதும்மா, செவப்பு வந்துட்டா என்ன பண்றது என்று காதோடு கேட்டாள். வந்தா வரட்டும் கண்ணு, நடக்கறதுதான் நடக்கும் என்று சொன்னபோது நல்லசாமியின் குரல் தன் வாயிலிருந்து வந்தது போல அவளுக்கு அருவருப்பாக இருந்தது. தரணீதரன் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்கட்டும். அவன் பார்க்கப் பார்க்க மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கடைசியில் வந்தது ஒரு பிளாஸ்டிக் குடம் விற்கிறவர். மொபெட்டின் இரண்டு பக்கமும் குடமும் வாளியும் தொங்க, வேப்பமர நிழலுக்காக நிறுத்தினார். எந்த ஊர், யார் வகையறா என்று பூசாரி துருவித் துருவி விசாரித்தார். திருச்சிப் பக்கம், இங்கே ஒருத்தரையும் தெரியாது. கை கால் கழுவிக்கொண்டு வரச் சொன்னார்கள். நல்லது கெட்டது என் தலையில வந்து விடியப் போவுதுங்களே, எனக்கெதுக்குங்க இந்த வம்பு என்று அவர் தயங்கினார். ஆத்தா கூப்பிட்டுத்தான் வந்திருக்கீங்க என்றார் பூசாரி. பித்தளைத் தட்டில் இரண்டு பொட்டலமும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. குடக்காரர் ஒன்றின் மேல் கையைக் கொண்டுபோய், வேண்டாமென்று இழுத்துக்கொண்டு, மற்றதை எடுத்தார். அந்த மனுஷன் யோசித்ததைப் பார்க்கச் சௌந்தரத்துக்குச் சிரிப்பு முட்டியது, அடுத்த நொடி அழுகை முட்டியது. பூசாரி நாரை அவிழ்த்தார். செவ்வரளி.

நல்லசாமி கண்ணைத் திறந்து பூவைப் பார்த்து, கும்பிட்டு, மறுபடி மூடிக்கொண்டார். வசந்தாமணி பிளாஸ்க் மூடியைத் திருகி, டம்ளர்களைப் பைக்குள் எடுத்து வைத்தாள். குடக்காரர் தப்புச் செய்தவர் போலத் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார். ஜெயித்தாகிவிட்டது. சந்தோஷம் கொஞ்சம் தாமதமாக வரும் என்று சௌந்தரம் காத்திருந்தாள். அதற்குள் தரணீதரன் எழுந்து நின்றான்.

"இது வெறும் அரளிப்பூவுங்க. இதுக்காக நான் கௌசியை விட்டுட்டுப் போக மாட்டனுங்க."

வசந்தாமணி அவன் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் உட்காரவில்லை. கௌசிகாவின் பக்கம் திரும்பினான்.

"காத்திட்டிருந்தேன்னு சொன்னது உங்கம்மா புஸ்தகத்துல படிச்சது. உனக்குப் பிடிக்குமேன்னு சொன்னேன். படிச்சதில்லைன்னதும் பொய்தான். எனக்கு ஜென்மமும் தெரியாது ஒண்ணும் தெரியாது. உன்னைப் பாத்தேன், பிடிச்சிருந்துச்சு. அவ்வளவுதான்."

அவ்வளவுதான். இத்தனை வருஷம் எழுதிய இத்தனை கதையில் ஒருத்தனாவது இதைச் சொல்லியிருக்கிறானா? மாடிப்படியில் நின்றும் கிணற்றடியில் நின்றும் என்னென்னவோ பேசினார்கள், பிடித்திருக்கிறது என்று ஒருத்தன் சொல்லவில்லை. சௌந்தரத்திடமும் யாரும் சொல்லவில்லை. இவன் திருடன் இல்லை. இவன் அந்த ஜீப்காரன். பட்டென்று அவளுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. போ கண்ணு, அவன் கையைப் பிடித்துக்கொண்டு போ என்று மகளைத் தள்ளிவிட வேண்டும் போல இருந்தது.

கௌசிகா சிவப்புப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்ப அதுவும் பொய்யா என்று கேட்டாள். அவன் தலையாட்டினான். பொய்யில் ஆரம்பித்தது, இப்போது ஆத்தாவும் வேண்டாம் என்கிறாள், மீறி வந்தால் உங்களுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று அவள் மெதுவாக, மனப்பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள். என்ன ஆகும் என்று அவன் கேட்டான். ஆகும், எனக்குத் தெரியும் என்றாள். எங்கே படித்தாள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லும்மா. மீறலாமா?"

பூசாரி தட்டில் மிச்சமிருந்த பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கிணற்றை நோக்கி நடந்தார். அவர் போய்ச் சேருகிற வரைக்கும் நேரம் இருக்கிறது. நில்லுங்க சாமி என்று சொன்னால் போதும். அதைப் பிரியுங்கள் என்று சொன்னால் போதும். பிரித்தால் என்ன ஆகும்? நல்லசாமி கண்ணைத் திறப்பார், திறக்கட்டும். வசந்தாமணி காறித் துப்புவாள், துப்பட்டும். ஊர் சிரிக்கும், ஆத்தா கண்ணைக் குத்துவாள், எல்லாம் நடக்கட்டும். ஆனால் இந்தக் கை, தன் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிற இந்தக் கை, விரல் விரலாகத் துடைத்துவிட்ட கை, விலகும். எது பிசுபிசுத்தது என்று அதற்குத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு கௌசிகா இந்த முகத்தை எப்படிப் பார்ப்பாள்? தான் தன் அம்மாவை இன்று காலையிலிருந்து பார்ப்பது போலவா? சாகும் வரைக்கும் அப்படியா? பூசாரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்று மேடையில் ஏறினார். இப்போது சொல்ல வேண்டும். இப்போது. சௌந்தரம் வாயைத் திறந்தாள். தண்ணீரில் ஏதோ விழுகிற சத்தம், பெரிய சத்தமில்லை, கேட்டது.

"விதி கண்ணு," என்றாள். "நம்ம கையில என்ன இருக்குது."

கௌசிகா தலையை ஆட்டினாள். தரணீதரன் சௌந்தரத்தைப் பார்த்தான். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை, இன்னும் ஏதாவது சொல்வாள் என்பது போல நின்று பார்த்தான். பிறகு வசந்தாமணியின் பையை வாங்கிக்கொண்டு நடந்தான். வேட்டி தடுக்கியது, ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டான். வெளியே காரின் கதவு முதலில் ஒன்று சாத்திக்கொண்டது, பிறகு இன்னொன்று. நல்லசாமி எழுந்து துண்டை உதறினார். கௌசிகா அம்மாவின் தோளில் முகத்தைப் பதித்துக்கொண்டு, சத்தம் வராமல், உடம்பெல்லாம் குலுங்க அழுதாள்.

"இத மட்டும் கதையா எழுதிராதம்மா," என்றாள்.

"எழுத மாட்டேன் கண்ணு," என்றாள் சௌந்தரம், மகளின் தலையைத் தடவிக்கொண்டே.